6174: எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் எண்

ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் ஒரு பெரிய எண் கிடைக்கும். ஏறுவரிசையில் அடுக்கினால் ஒரு சிறிய எண். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையின் இலக்கங்களை மறுபடி அடுக்கி, மறுபடி கழியுங்கள். அதிகபட்சம் ஏழு கழித்தல்களுக்குள் 6174 வந்துவிடும். அதன்பிறகு எத்தனை முறை கழித்தாலும் 6174-தான்.

1905 என்ற எண்ணை வைத்துப் பார்ப்போம்.

9510 − 0159 = 9351
9531 − 1359 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

அடுத்த சுற்றில் 6174-இன் இலக்கங்களை அடுக்கினால் அதே 7641, அதே 1467, அதே 6174. வண்டி நின்றுவிட்டது.

1905-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பண்பைக் கண்டுபிடித்த தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் பிறந்த ஆண்டு அது. மகாராஷ்டிரத்தில் நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கணிதத்தில் முதுநிலைப் பட்டம் இல்லை, பல்கலைக்கழகப் பதவி இல்லை. 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் 6174 பற்றி அறிவித்தார். 1955-இல் 'ஸ்கிரிப்டா மாத்தமாட்டிகா' இதழில் அது கட்டுரையாக வந்தது. 1975-இல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தம் பத்தியில் கப்ரேக்கரைப் பற்றி எழுதிய பிறகே உலகம் பரவலாக அவரைக் கவனித்தது. இன்று 6174-க்குக் 'கப்ரேக்கர் மாறிலி' என்றே பெயர்.

செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பூஜ்யத்தில்தான். 2111-ஐ எடுங்கள். 2111 − 1112 = 999. இதை மூன்று இலக்க எண்ணாக நினைத்தால் அடுத்த சுற்றில் 999 − 999 = 0 ஆகி ஆட்டம் முடிந்துவிடும். இதை 0999 என்று நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும். அப்போது 9990 − 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174 என்று ஐந்தாவது கழித்தலில் ஒழுங்காக வந்து சேரும்.

இன்னொரு பள்ளம் 8082 போன்ற இடங்களில் இருக்கிறது. ஏறுவரிசையில் அடுக்கினால் 0288. முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லையே என்று 288 என எழுதி, அதையே திருப்பிப் போட்டு 882 என்று வைத்துக்கொள்வார்கள். 882 − 288 = 594, அடுத்து 954 − 459 = 495, அங்கேயே சிக்கிக்கொள்ளும். சரியான கணக்கு 8820 − 0288 = 8532. கணினியில் நிரல் எழுதுவோருக்கும் இதே பிழை நேர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விடையின் நீளம் நான்காகும்வரை இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பிய பிறகே இலக்கங்களைப் பிரிக்க வேண்டும். எக்செல்லில் செய்தால் அது முன்பூஜ்யத்தைத் தானாகவே உதிர்த்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு இலக்கமும் ஒன்றான 1111, 2222 போன்றவை முதல் கழித்தலிலேயே பூஜ்யமாகிவிடும். அதனால்தான் தொடக்கத்தில் அந்த நிபந்தனை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. கடைசியில் 6174 வந்ததால் இடையிலிருந்த கணக்கெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. நடுவில் கழித்தல் பிழையாகி வேறொரு நான்கு இலக்க எண் வந்தாலும், அந்த எண்ணும் 6174-க்குத்தானே போகும்! பிழை முடிவில் தெரியாது, படிகளின் எண்ணிக்கை மட்டும் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் தனித்தனியே சரிபார்க்க ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தேடும்போதே இந்த எண்ணின் ரகசியமும் திறந்துகொள்கிறது.

மேலே 1905-க்கு வந்த விடைகளை மறுபடி பாருங்கள். 9351-இல் இரு ஓர இலக்கங்களின் கூட்டல் 9 + 1 = 10, நடு இலக்கங்களின் கூட்டல் 3 + 5 = 8. 8172-இல் 8 + 2 = 10, 1 + 7 = 8. 7443, 6264, 4176, 6174 எல்லாவற்றிலும் இதே 10, 8. 3996 மட்டும் வேறு மாதிரி: நடுவில் 99, ஓரங்களின் கூட்டல் 9. எந்த எண்ணில் தொடங்கினாலும் விடை இந்த இரண்டு வகைகளில் ஒன்றாகத்தான் இருக்கும். 9963 − 3699-க்கு விடை 6364 என்று தவறி எழுதியிருந்தால் நடுக்கூட்டல் 9 ஆகிவிடும், பிழை உடனே பிடிபடும்.

ஏன் இப்படி? பள்ளியில் கற்ற 'கடன் வாங்கிக் கழித்தல்' போதும், வேறு கணிதம் எதுவும் வேண்டாம்.

இலக்கங்களை இறங்குவரிசையில் அ, ஆ, இ, ஈ என்று வைப்போம். அ எல்லாவற்றிலும் பெரியது, ஈ எல்லாவற்றிலும் சிறியது. மேலே 'அ ஆ இ ஈ', கீழே 'ஈ இ ஆ அ' என்று எழுதிக் கழிக்கிறோம். இரண்டு வித்தியாசங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். ஓரத்து இலக்கங்களின் வித்தியாசம் அ − ஈ. இது வெளி வித்தியாசம், சுருக்கமாக 'வெ'. நடு இலக்கங்களின் வித்தியாசம் ஆ − இ. இது உள் வித்தியாசம், சுருக்கமாக 'உ'.

ஒன்றுகள் இடத்தில் ஈ-யிலிருந்து அ-வைக் கழிக்க முடியாது. பக்கத்தில் கடன் வாங்கினால் 10 + ஈ − அ, அதாவது 10 − வெ. பத்துகள் இடத்தில் ஒன்றைக் கடன் கொடுத்த இ-யிலிருந்து ஆ-வைக் கழிக்க வேண்டும். அங்கும் கடன் வாங்க வேண்டும்: 10 + இ − 1 − ஆ, அதாவது 9 − உ. நூறுகள் இடத்தில் ஆ − 1 − இ, அதாவது உ − 1. உ குறைந்தது 1 ஆக இருந்தால் இங்கே கடன் தேவையில்லை. ஆயிரங்கள் இடத்தில் அ − ஈ, அதாவது வெ.

ஆக, விடையின் இலக்கங்கள் இடமிருந்து வலமாக: வெ, உ − 1, 9 − உ, 10 − வெ. ஓரங்களைக் கூட்டினால் வெ மறைந்து 10 நிற்கிறது. நடுவைக் கூட்டினால் உ மறைந்து 8 நிற்கிறது. உ பூஜ்யமாக இருந்தால் நூறுகள் இடத்திலும் கடன் வாங்க வேண்டிவரும். அப்போது விடை வெ − 1, 9, 9, 10 − வெ. 3996 அந்த வகை.

இங்கே நடந்ததைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். விடையைத் தீர்மானிப்பவை வெ, உ என்ற இரண்டு எண்கள் மட்டுமே. 9510-க்கு வெ = 9, உ = 4. விடை 9, 3, 5, 1. கழிக்கவே வேண்டாம், நேரே எழுதிவிடலாம். வெ = 9, உ = 4 உள்ள எந்த எண்ணும் இதே 9351-க்குத்தான் போகும். 0000-இலிருந்து 9999 வரை, ஒரே இலக்கம் நான்கு முறை வரும் பத்தை நீக்கினால் 9990 எண்கள் இருக்கின்றன. அவை அனைத்தும் முதல் கழித்தலிலேயே சில விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. எத்தனை விடைகள்? வெ 1 முதல் 9 வரை இருக்கலாம். உ பூஜ்யத்திலிருந்து வெ வரை இருக்கலாம், வெ-யைத் தாண்ட முடியாது. எனவே இணைகள் 2 + 3 + 4 + … + 10 = 54.

இன்னும் குறைக்கலாம். அடுத்த சுற்றில் இலக்கங்களை எப்படியும் மறுபடி அடுக்கப் போகிறோம். எந்த இலக்கங்கள் இருக்கின்றன என்பதே முக்கியம், அவை நிற்கும் இடம் பொருட்டில்லை. வெ = 8 என்றால் ஓரங்கள் 8, 2. வெ = 2 என்றாலும் ஓரங்கள் 2, 8. ஆக ஓரங்கள் ஐந்தே வகை: 9-1, 8-2, 7-3, 6-4, 5-5. அதேபோல் நடு இலக்கங்களும் ஐந்தே வகை: 8-0, 7-1, 6-2, 5-3, 4-4. ஐந்தைந்து இருபத்தைந்து. உ பூஜ்யமாகும் வகையில் இன்னும் ஐந்து: 0999, 1998, 2997, 3996, 4995. மொத்தம் 30 குழுக்கள். பத்தாயிரம் எண்களின் விதியை முப்பது எண்களை வைத்துக் கையாலேயே சரிபார்த்துவிடலாம் என்பதுதான் இதில் உண்மையான அழகு. கணினி தேவையில்லை, ஒரு தாள் போதும்.

அந்தத் தாளில் வருவது இதுதான். ஒவ்வொரு குழுவையும் இறங்குவரிசையில் எழுதி, அங்கிருந்து 6174-ஐ அடைய இன்னும் எத்தனை கழித்தல் வேண்டும் என்று பிரித்திருக்கிறோம்.

1 கழித்தல்: 8532, 7641
2 கழித்தல்: 9711, 9621, 8820, 8730, 7533, 6642
3 கழித்தல்: 9981, 9963, 9810, 6543
4 கழித்தல்: 9990, 8622, 7731, 7443, 6552, 6444, 5553, 5544
5 கழித்தல்: 9972, 9954, 8721, 7632
6 கழித்தல்: 9531, 9441, 8640, 8550, 8442, 7551

எண்ணிப் பாருங்கள், சரியாக 30. ஒவ்வொன்றையும் ஒருமுறை கழித்தால் அதற்கு மேல் வரியில் உள்ள ஒரு குழுவில் போய் விழும். உதாரணமாக 5-ஆம் வரியின் 7632-ஐ எடுத்தால் வெ = 5, உ = 3, விடை 5265, அடுக்கினால் 6552, அது 4-ஆம் வரியில் இருக்கிறது. யாரும் கீழ்வரிக்குத் திரும்புவதில்லை, தன் வரியிலேயே சுற்றிக்கொண்டிருப்பதும் இல்லை. விதிவிலக்கு முதல் வரி மட்டும்தான்: 8532-உம், 6174-இன் சொந்தக் குழுவான 7641-உம் நேரே 6174-க்குப் போகும். முப்பதையும் இப்படிச் சோதித்துவிட்டால் நிரூபணம் முடிந்தது. எந்த எண்ணும் முதல் கழித்தலில் இந்தப் பட்டியலுக்குள் நுழைகிறது, பட்டியலுக்குள் அதிகபட்சம் ஆறு கழித்தல், ஆக மொத்தம் ஏழு.

முடிவுள்ள எண்களுக்குள் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்றாவது வந்த எண்ணே மறுபடி வரும், அதிலிருந்து சுழற்சி தொடங்கும். இது எந்த விதிக்கும் பொருந்தும், இதில் வியப்பில்லை. நான்கு இலக்கத்தில் வியப்பு என்னவென்றால், பூஜ்யத்தைத் தவிர ஒரே ஒரு சுழற்சிதான் இருக்கிறது, அந்தச் சுழற்சியிலும் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது.

பட்டியல் கையில் இருந்தால் ஒரு எண் எத்தனை படியில் முடியும் என்று முன்கூட்டியே சொல்லலாம். 2024-ஐ அடுக்கினால் 4220. வெ = 4, உ = 0. விடை 3996, அதன் குழு 9963, மூன்றாம் வரி. ஆக மொத்தம் 4 படி. கப்ரேக்கர் இதை அறிவித்த 1949-ஐப் பாருங்கள்: 9941-இல் வெ = 8, உ = 5, விடை 8442, ஆறாம் வரி. அவர் பிறந்த 1905-ஐப் போலவே அதற்கும் முழு ஏழு படி.

ஒரே கழித்தலில் 6174-ஐத் தொடும் எண்கள் எத்தனை? வெ = 6, உ = 2 உள்ளவை மட்டுமே தொடும். சிறிய இலக்கம் ஈ 0, 1, 2, 3 ஆக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நடு இலக்கங்களை ஐந்து விதமாக வைக்கலாம். அவற்றில் மூன்றில் நான்கு இலக்கமும் வெவ்வேறு, 24 வரிசைகள். இரண்டில் ஓர் இலக்கம் இருமுறை வரும், 12 வரிசைகள். 24 × 3 + 12 × 2 = 96, நான்கால் பெருக்கினால் 384. இதில் 6174-உம் ஒன்று, அதைக் கழித்தால் 383. மற்றப் படிகளையும் இதே வழியில் எண்ணலாம். முன்பூஜ்யம் உள்ளவற்றையும் சேர்த்து, 2 படியில் 576, 3 படியில் 2400, 4 படியில் 1272, 5 படியில் 1518, 6 படியில் 1656, 7 படியில் 2184 எண்கள். நண்பர்களிடம் விளையாட்டாகக் கேட்டால், மூன்று படியிலோ ஏழு படியிலோ முடியும் எண்களே அதிகம் வரும்.

மற்ற நீளங்களில் என்ன ஆகும்? மூன்று இலக்கத்தில் 495. வேறெந்த எண்ணும் இப்படி நிற்காது என்பதற்கான நிரூபணம் நான்கே வரி. விடை எப்போதும் வெ − 1, 9, 10 − வெ என்ற வடிவில் இருக்கும். இதில் பெரியது 9. எண் தன்னையே திரும்பத் தர வேண்டுமானால், 9-இலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்தால் வெ வர வேண்டும். சிறியது 10 − வெ என்றால் 9 − 10 + வெ = வெ − 1, பொருந்தாது. சிறியது வெ − 1 என்றால் 10 − வெ = வெ, ஆகவே வெ = 5, எண் 495. அதை அடைய அதிகபட்சம் 6 படி. 100-இல் தொடங்கினால் 099, 891, 792, 693, 594, 495 என்று ஆறும் ஆகும்.

இரண்டு இலக்கத்தில் நிற்கும் எண்ணே இல்லை. 09, 81, 63, 27, 45, மறுபடி 09 என்று செக்குமாடு போலச் சுற்றும். ஐந்து இலக்கத்திலும் நிற்கும் எண் இல்லை, மூன்று தனித்தனிச் சுழற்சிகள் இருக்கின்றன: 53955, 59994 என்ற இரண்டும் ஒன்றையொன்று தரும். 61974, 82962, 75933, 63954 ஒரு வட்டம். 62964, 71973, 83952, 74943 இன்னொரு வட்டம். ஆறு இலக்கத்தில் 549945, 631764 என இரண்டு எண்கள் நிற்கின்றன, கூடவே ஏழு எண்கள் கொண்ட ஒரு சுழற்சியும் உண்டு. எல்லா எண்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு அரிது என்று இவற்றைப் பார்த்தால் விளங்கும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு குழப்பம் வருவதுண்டு. 'கப்ரேக்கர் எண்' என்பது வேறு. ஓர் எண்ணை வர்க்கமாக்கி, விடையை இரண்டாகப் பிரித்துக் கூட்டினால் அதே எண் வர வேண்டும். 45-இன் வர்க்கம் 2025, 20 + 25 = 45. 297-இன் வர்க்கம் 88209, 88 + 209 = 297. 6174-இன் வர்க்கம் 38118276, 3811 + 8276 = 12087. ஆகவே 6174 கப்ரேக்கர் மாறிலி, ஆனால் கப்ரேக்கர் எண் அல்ல.

கப்ரேக்கர் பெயரிட்ட இன்னொரு கூட்டத்தில் 6174-க்கு இடம் உண்டு. தன் இலக்கங்களின் கூட்டலால் மீதியின்றி வகுபடும் எண்களை அவர் 'ஹர்ஷத்' எண்கள் என்றார், மகிழ்ச்சி தருபவை என்று பொருள். 6 + 1 + 7 + 4 = 18. 6174 ÷ 18 = 343.

இதுவரை சொன்னவை எல்லாம் நாம் எண்களைப் பத்தடிமானத்தில் எழுதுவதால் வருபவை. பத்து விரலுக்குப் பதில் எட்டு விரல் இருந்து எட்டடிமானத்தில் எழுதியிருந்தால் இதே அளவுள்ள எண்ணின் இலக்கங்கள் வேறாக இருக்கும், இந்த விளையாட்டும் வேறிடத்தில் போய் முடியும். எப்படி எழுதினாலும் மாறாத பண்புகள் பகாக் காரணிகளில் இருக்கின்றன: 6174 = 2 × 3 × 3 × 7 × 7 × 7. அந்த ஆறு காரணிகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 4 + 9 + 9 + 49 + 49 + 49 = 169, அதுவும் 13-இன் வர்க்கம்.

காரணிகளை 18, 343 என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் ஒன்று தெரிகிறது. 343 என்பது 7 × 7 × 7. அதே 343-தான் 1 + 18 + 324, அதாவது 1, 18, 18-இன் வர்க்கம் ஆகியவற்றின் கூட்டல். இரு பக்கத்தையும் 18-ஆல் பெருக்கினால் 18 + 324 + 5832 = 6174. 18, அதன் வர்க்கம், அதன் கனம் மூன்றும் சேர்ந்தது 6174. ஒரு மிகை முழு எண், அதன் வர்க்கம், கூடவே 1 ஆகிய மூன்றையும் கூட்டினால் ஒரு முழு எண்ணின் கனம் வருவது 18-க்கு மட்டுமே என்று நிறுவப்பட்டிருக்கிறது.